நாவல் திருத்தலாம் வாருங்கள்! வேர்டில் 'டிராக் சேஞ்சஸ்' பாடம்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. தமிழில் டைப் செய்யவும் பழகிவிட்டீர்கள். 'இதை வைத்து வீட்டிலிருந்தே என்ன வேலை செய்யலாம்?' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்களில் ஒன்று, கதை, நாவல்களுக்குப் பிரதி திருத்துவது. வாசிப்புப் பழக்கமும் பொறுமையும் இருந்தால் போதும். பகலில் சாப்ட்வேர் வேலை, இரவில் இந்த வேலை என்று நானும் செய்து வருகிறேன்.

பிரதி திருத்துவது வேறு, புரூப் பார்ப்பது வேறு. பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு அச்சுப் பிழை பார்ப்பது புரூப். அதற்கு முன்பே, வேர்ட் பைலில் எழுத்து, ஒற்று, வாக்கியம், கதைக்குள் வரும் முரண்பாடு ஆகியவற்றைச் சரிபார்ப்பது பிரதி திருத்தம்.

நான் பட்ட பாடு

முதல் நாவலைக் கொடுத்தவர் சிவகங்கைப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மொத்தப் பைலையும் 'சுத்தமாக' மாற்றி அனுப்பினேன். உரையாடலில் இருந்த 'வந்தாக', 'போனாக' எல்லாம் 'வந்தார்கள்', 'போனார்கள்' ஆகியிருந்தன. மறுநாள் போன் வந்தது. "தம்பி, அது எங்க ஆத்தா பேசுன பேச்சு. அதப் போயி பள்ளிக்கூடத் தமிழாக்கிட்டீங்களே" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, குரல் உடைந்துவிட்டது. எங்கெங்கே மாற்றினேன் என்பது எனக்கே தெரியவில்லை. எப்படித் தப்பித்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், நான் செய்யத் தவறியவற்றைப் பார்ப்போம்.

1. மூலத்தைத் தொடாதீர்கள்

பைலைத் திறந்தவுடன் 'சேவ் அஸ்' கொடுத்து 'நாவல்-திருத்தம்-1' என்று வேறு பெயரில் சேமியுங்கள். மூலப் பைல் தனி போல்டரில் அப்படியே இருக்கட்டும்.

திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கிலக் கிறுக்கல் தெரிகிறதா? அது பழைய எழுத்துருவில் டைப் செய்தது. தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் இப்படிப்பட்ட பைல்கள் வரத்தான் செய்கின்றன. என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் போன்ற மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு, பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

2. டிராக் சேஞ்சஸ்

வேர்டில் 'ரிவ்யூ' டேபைக் கிளிக் செய்து 'டிராக் சேஞ்சஸ்' பட்டனை அழுத்துங்கள். கன்ட்ரோல் + ஷிப்ட் + இ அழுத்தினாலும் போதும். லிப்ரே ஆபிஸ் ரைட்டர் வைத்திருப்பவர்கள் 'எடிட்' மெனுவில் 'டிராக் சேஞ்சஸ்', அதில் 'ரெக்கார்ட்' என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

இனி நீங்கள் அழிக்கும் எழுத்தும் சேர்க்கும் எழுத்தும் அடையாளத்தோடு பதிவாகும். 'சட்டை பையில்' என்பதில் ஒரு 'ப்' சேர்த்தால், அந்த 'ப்' மட்டும் தனி நிறத்தில் தெரியும். பிடித்தால் 'அக்சப்ட்', பிடிக்காவிட்டால் 'ரிஜெக்ட்'. முடிவு எழுத்தாளர் கையில்.

3. சந்தேகமா? கமென்ட் போடுங்கள்

மூன்றாம் அத்தியாயத்தில் திதி கொடுக்கப்பட்ட பாட்டி, பதினோராம் அத்தியாயத்தில் காபி ஆற்றுகிறார். நீங்களாகப் பாட்டியை நீக்கிவிடாதீர்கள். அந்த வரியைத் தேர்வு செய்து, ரிவ்யூ டேபில் 'நியூ கமென்ட்' கொடுத்து, 'இவர் வேறு பாட்டியா?' என்று கேளுங்கள்.

4. ஒரு குறிப்புத்தாள்

'கோயில்', 'கோவில்' இரண்டும் சரிதான். ஆனால் ஒரே நாவலில் இரண்டும் மாறி மாறி வரக்கூடாது. எழுத்தாளர் எதை விரும்புகிறார் என்று கேட்டுத் தனிப் பைலில் எழுதிவையுங்கள். பாத்திரங்களின் பெயர், வயது, உறவு, வட்டாரச் சொற்கள் எல்லாம் அதில் இருக்கட்டும்.

5. கண்ணை ஏமாற்றும் எழுத்துகள்

'கௌரி' என்று தேடினால் சில இடங்கள் மட்டும் கிடைக்கும். மற்ற இடங்களில் ஔகாரக் குறிக்குப் பதில், கொம்பு போட்டு அருகில் 'ள' என்ற எழுத்தை டைப் செய்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. அதேபோல், 'அவர்' என்பதில் 'ர்'க்குப் பதில் துணைக்காலும் புள்ளியும் இருக்கும். இரண்டு வகையிலும் தேடிப் பாருங்கள்.

6. 'ரீப்ளேஸ் ஆல்' ஆபத்து!

நாயகன் மணியின் பெயரை ரவி என்று மாற்றச் சொல்கிறார்கள். கன்ட்ரோல் + ஹெச் அழுத்தி 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்தால், 'பத்து மணிக்கு' என்பது 'பத்து ரவிக்கு' ஆகிவிடும். கண்மணி, கண்ரவி ஆகிவிடுவாள்! முழுச் சொல்லை மட்டும் தேடும் கட்டத்தை டிக் செய்தாலும் பயனில்லை. 'மணியின்', 'மணியை' எல்லாம் விடுபட்டுப் போகும். புதிய பெயர் 'குமார்' என்றால் 'குமார்யின்' என்று வேறு வரும். 'ஃபைன்ட் நெக்ஸ்ட்' கொடுத்து, ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து மாற்றுவதே வழி.

7. கட்டணமும் ஒப்படைப்பும்

முதலில் இரண்டு மூன்று பக்கம் மாதிரி திருத்திக் காட்டுங்கள். பிறகு பக்கத்துக்கு இவ்வளவு அல்லது சொல்லுக்கு இவ்வளவு என்று பேசி, மெயிலில் எழுதி வாங்குங்கள். சொல் கணக்கைத் திருத்துவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும்போது எண்ணிக்கை மாறிவிடும்.

வேலை முடிந்ததும் இரண்டு பைல்கள் அனுப்புங்கள். ஒன்று அடையாளங்களோடு, மற்றொன்று 'அக்சப்ட் ஆல் சேஞ்சஸ்' கொடுத்த சுத்தப் பிரதி.

தப்பித்த கதை

ஆசிரியர் முதலில் அனுப்பிய பைல் என் மெயிலில் அப்படியே இருந்தது. ரிவ்யூ டேபில் 'கம்பேர்' என்று ஒரு வசதி உண்டு. மூலப் பைலையும் திருத்திய பைலையும் அதில் கொடுத்தேன். வித்தியாசங்கள் அத்தனையும் அடையாளத்தோடு மூன்றாவது பைலாக வந்தன. மூன்று இரவுகள் உட்கார்ந்து, ஆத்தாவின் பேச்சில் நான் கைவைத்த இடங்களை எல்லாம் 'ரிஜெக்ட்' செய்தேன். எழுத்துப் பிழைத் திருத்தங்கள் மட்டும் மிஞ்சின. அவருடைய அடுத்த நாவலும் என்னிடம்தான் வந்தது. அதைத் திறந்தவுடன் நான் அழுத்தியது கன்ட்ரோல் + ஷிப்ட் + இ.

பயிற்சி: நீங்கள் டைப் செய்த ஏதாவது இரண்டு பக்கத்தை எடுத்து, டிராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்துங்கள். மறுநாள் திறந்து, உங்கள் திருத்தங்களில் எத்தனையை நீங்களே 'ரிஜெக்ட்' செய்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.