சட்டம் அறிவோம்: அபராதம் போடுபவருக்கு இரு மடங்கு

ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறோம். சாலையோரம் நிற்கும் வண்டிகளுக்கு அபராதம் போடுகிறார்கள். உடனே எழும் கேள்வி: "போலீஸ் வண்டியும் இங்கேதானே நிற்கிறது, அவங்களுக்குச் சட்டம் இல்லையா?" கம்பெனி பஸ்ஸும் லாரியும் ஓயாமல் போகிற, வண்டி நிறுத்த இடம் கிடைக்காத வாலாஜாபாத்தில் இந்தக் கேள்வி கோபத்தோடுதான் வரும். ஆனால் சட்டத்தின் பதில் நம்மில் பலருக்குத் தெரியாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி பொது இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது. காக்கிச் சட்டைக்கு அதில் விலக்கு இல்லை. 2019-இல் செய்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. புதிதாகச் சேர்ந்த 210பி பிரிவின்படி, இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் உள்ளவரே இதை மீறினால் தண்டனைத் தொகை இரு மடங்கு. பொதுவான விதிமீறலுக்கு 177-ஆவது பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரை என்றால், அவருக்கு 1,000 ரூபாய் வரை. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே டெல்லி போக்குவரத்துக் காவல்துறை தன் காவலர்களுக்கு இதை எழுத்தில் நினைவூட்டியது. அதிகாரம் ஓர் அமானிதம் என்று நம்புகிற நமக்கு இந்த இரு மடங்குக் கணக்கு வியப்பாக இருக்காது.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்க ரோந்து ஜீப் நடுச்சாலையில் நிற்கலாம். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அப்படியே. அந்தச் சலுகை வேலைக்கு உரியது, ஆளுக்கு அல்ல. டீ குடிக்க நிறுத்தினால் அது செல்லாது.

2024 மே மாதம் நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கும். அரசுப் பேருந்தில் ஏறிய காவலர் ஒருவர் டிக்கெட் எடுக்க மறுத்தார். வாரண்ட் இல்லாமல் காவலருக்கு இலவசப் பயணம் இல்லை என்று போக்குவரத்துத் துறை சொன்னது. அடுத்த சில நாட்களில் சென்னை உட்படப் பல இடங்களில், நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றதாகவும் வேறு காரணங்கள் சொல்லியும் அரசுப் பேருந்துகளுக்கு அபராதம் விழுந்தது! இரு துறைச் செயலாளர்களும் பேசித்தான் அது அடங்கியது. அந்தப் பேருந்துகள் தவறாக நின்றிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய மாதமும் அங்கேதானே நின்றன? தனக்கு விலக்குக் கேட்டவர் பக்கம் நின்று பிறருக்குச் சட்டத்தைக் காட்டினால் அதற்குப் பெயர் பழிவாங்கல் என்பதே நம் கருத்து.

ஜும்ஆ நேரத்தில் வண்டிகளை ஒழுங்கு செய்யும் நம் இளைஞர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. "அங்கே நிறுத்தாதீங்க பாய்" என்று சொல்கிறவரின் பைக் வாசலில் நின்றால் யார் கேட்பார்கள்?

ஒன்றை மறக்க வேண்டாம்: அதிகாரி மீறினார் என்பதால் நம் அபராதம் ரத்தாகாது. இரண்டும் தனித்தனிக் குற்றம். எனவே சாலையில் வாக்குவாதம் வேண்டாம். வண்டி எண், இடம், நேரம் தெரியும்படி படம் எடுத்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு 210பி பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். திங்கட்கிழமை காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க அந்த ஒப்புகை உதவும்.