பூமர நாற்றங்கால் தொடங்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பூமரங்களையும் பூச்செடிகளையும் விதையிலிருந்தே எழுப்பி விற்கும் நாற்றங்கால் ஒன்றைத் தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். விதைக்குச் செலவில்லை என்பதைக் காரணமாகச் சொல்கிறாய். முடிவு சரி, காரணம்தான் போதாது. கொன்றைக்காய் சாலையோரம் சும்மா கிடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதை உடைத்து, பசையிலிருந்து விதையைப் பிரித்து, கழுவி, உலர்த்தி, கீறி, விதைத்து, பெயர்த்து நட்டு, ஓர் ஆண்டு தண்ணீர் ஊற்றி, கடைசியில் அதில் ஒரு பங்கைக் கழித்துப் போடுவதற்கு ஆகும் கூலியைக் கணக்குப் பார். ஆந்திரத்தின் கடியத்திலிருந்து லாரியில் வந்திறங்கும் செடியை வாங்கி விற்பதே லாபம் என்று தோன்றிவிடும். மலிவை நம்பி இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டாம் ஆண்டிலேயே மனம் விட்டுப்போகும். விதையால் உனக்குக் கிடைப்பது தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. ஒரே காயிலிருந்து எடுத்த இரண்டு விதைகள்கூட ஒன்றுபோல வளர்வதில்லை. அந்த வேறுபாட்டைக் கண்டு எடுக்கவும் விலக்கவும் பழகியவனுக்குத்தான் விதை நாற்றங்கால் பலன் தரும்.

போத்து நட்டும் பதியம் போட்டும் ஒட்டுக் கட்டியும் எடுக்கும் செடி, தாயின் குணத்தை அப்படியே கொண்டுவரும். பலமும் அப்படியே, பலவீனமும் அப்படியே. இங்கிலாந்தின் வயல் வரப்புகளில் நூற்றாண்டுகளாக நின்ற எல்ம் மரங்களை எடுத்துக்கொள். அந்த மரம் வளமான விதையை அரிதாகவே தரும், வேர்க்கன்றுகளால்தான் பெருகும். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2004இல் அதன் மரபணுவைப் பார்த்து, அவை எல்லாம் ரோமானியர் கொண்டுவந்த ஒரே மரத்தின் வழிவந்த பிரதிகள் என்று காட்டினார்கள். 1960களின் பிற்பகுதியில் பட்டை வண்டுகள் சுமந்துவந்த ஒரு வீரியமான பூஞ்சை பரவியபோது அதைத் தாங்கிநிற்கும் வேறுபாடு அந்த மரங்களிடம் இல்லை. பிரிட்டனில் செத்த எல்ம் மரங்கள் 2 கோடிக்கும் அதிகம். நோய் வந்தால் விதையில் பிறந்த மரங்களும் சாகும். ஆனால் ஆயிரம் மரங்கள் ஆயிரம் விதமாக இருந்தால் அவற்றில் சில தப்பிக்க வழியுண்டு. வீட்டுத் தொட்டிச் செடிக்கு இந்தக் கவலை அவ்வளவாகத் தேவையில்லை. ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஒரு தெருவுக்கு நிழல் தர வேண்டிய மரத்துக்கு இது கட்டாயம் தேவை.

உடனே ஒரு மறுப்பு வரும். ஹாங்காங்கின் சின்னமாக இருக்கும் அந்த ஊதா மந்தாரை மலடு, விதையே பிடிக்காது. 1880 வாக்கில் அங்கே கண்டெடுத்த ஒற்றை மரத்திலிருந்து ஒட்டும் போத்துமாக எடுத்துத்தான் உலகம் முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள். அவ்வளவு அழகான மரத்தை விதை எங்கே தந்தது என்று கேட்பார்கள். அந்த ஒற்றை மரம் எப்படிப் பிறந்தது என்று அவர்களைத் திருப்பிக் கேள். இரண்டு மந்தாரை இனங்கள் தற்செயலாகக் கலந்து விழுந்த விதை முளைத்தது, அதை யாரோ ஒருவர் கண் அடையாளம் கண்டது. ஒட்டுக் கட்டுகிறவர் ஏற்கெனவே தேர்ந்ததைப் பெருக்குகிறார். புதிதாகத் தேர்வதற்கு விதைப் பாத்தியைத் தவிர வேறு இடமில்லை. நாற்றங்கால்காரர்கள் எல்லாரும் போத்தையே நம்பிவிட்டால், நாளைக்கு ஒட்டுக் கட்ட நல்ல மரம் எங்கிருந்து வரும்?

தேர்வு தாய்மரத்தில் தொடங்குகிறது. கைக்கு எட்டும் கிளை உள்ள மரத்திலிருந்து காய் பறிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. தாழக் கிளைத்து, அடியிலேயே கவைத்துப் போன மரம்தான் கைக்கு எட்டும். அதிலேயே ஆண்டுதோறும் பறித்தால் அந்தக் குணத்தையே பெருக்குகிறாய். பூக்கும் காலத்திலேயே சுற்றி வந்து, நேரான அடிமரம், அகன்ற கவை, கொத்து நிறையப் பூ, நோயில்லாத பட்டை உள்ளதாகப் பார்த்துக் குறித்துவை. காய் முற்றும்போது பூ இருக்காது, அப்போது எல்லாக் கொன்றையும் ஒன்றுபோலத்தான் தெரியும். கோயில் தலமரங்களின் விதைக்கு மக்களிடம் தனி மதிப்பு உண்டு. மயிலாப்பூர்க் கோயிலின் புன்னையைப் போல ஒரு தலமரத்தின் கன்று என்றால் கேட்டு வாங்குவார்கள். அந்தப் பக்தியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சுற்றிலும் தன் இனமே இல்லாமல் தனித்து நிற்கும் மரத்தில், தன் மகரந்தத்தாலேயே பிடித்த விதை அதிகமாக இருக்கும். அதில் வரும் நாற்று பல மரங்களில் சோர்ந்து வளரும். பச்சையமே இல்லாமல் வெள்ளை வெளேரென்று சில முளைக்கும், வித்திலையில் இருக்கும் உணவு தீர்ந்ததும் வாடிவிடும். அப்படிச் சில நாற்றுகளைப் பாத்தியில் கண்டால் தாய்மரத்தைச் சந்தேகப்படு. விதை சேகரிப்பு வழிகாட்டிகள் ஒன்றுக்கொன்று 50 முதல் 100 மீட்டர் தள்ளி நிற்கும் 25, 30 மரங்களிலிருந்து எடுக்கச் சொல்கின்றன. சிறிய நாற்றங்காலுக்கு அது எட்டாது என்றால் பத்து மரமாவது வேண்டும், அதுவும் ஒரே தெருவில் வேண்டாம். ஒரே தாயின் பிள்ளைகளைத்தான் அந்தத் தெருவில் வரிசையாக நட்டிருப்பார்கள்.

அடுத்தது விதையின் சுபாவம். உலர்த்தினால் நெடுநாள் வாழும் விதை ஒரு வகை, உலர்த்தினால் சாகும் விதை இன்னொரு வகை. கொன்றை, குல்மோகர், மயிற்கொன்றை எல்லாம் முதல் வகை. அவற்றின் ஈரம் ஒரு சதவீதம் குறையக் குறைய ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதையியலில் பழைய கணக்கு. ஆகவே நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வை. செண்பகத்தின் கதை வேறு. சிவப்புச் சதை மூடிய அதன் விதையைக் கழுவி உடனே ஈர மணலில் போட வேண்டும், அலமாரியில் வைத்தால் சில வாரங்களில் உயிர் போய்விடும். வேப்பங்கொட்டையும் காத்திருக்காது. செண்பக விதையைக் கொன்றை விதைபோல நடத்திவிட்டு முளைக்கவில்லை என்று விதையை நோவது இந்தத் தொழிலில் தினமும் காணும் காட்சி.

கொன்றை விதை முளைக்காததற்குக் காரணம் அதன் தோல். தண்ணீர் உள்ளே இறங்காது. காட்டில் அந்தத் தோல் ஒவ்வொரு விதைக்கும் ஒவ்வொரு காலத்தில் தேய்வதால், ஒரே மழையை நம்பி எல்லாம் முளைத்து ஒரே வறட்சியில் எல்லாம் சாகும் ஆபத்து குறைகிறது. மரத்துக்கு அது நல்ல ஏற்பாடு, உனக்கு இடைஞ்சல். அடர் கந்தக அமிலத்தில் ஊறவைக்கும் முறை ஆய்வுக்கூடத்துக்கு உரியது, கொல்லைப்புறத்தில் வேண்டாம். கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு இரவெல்லாம் ஆறவிடுவது சில தொகுதி விதைக்குப் பலிக்கும், சிலவற்றுக்குக் கைகொடுக்காது. நிச்சயமான வழி, நகவெட்டியால் ஒவ்வொரு விதையாகக் கீறுவதுதான். காம்பு ஒட்டியிருந்த தழும்பைக் கண்டுபிடி. முளைவேர் அந்தப் பக்கம்தான் இருக்கும், அங்கே தொடாதே. அதற்கு எதிர்முனையில் பழுப்புத் தோல் போய் உள்ளே வெளுப்பு தெரியும் அளவுக்கு மட்டும் கிள்ளித் தண்ணீரில் போடு. மறுநாள் காலையில் நீர் இறங்கிய விதை பருத்து, தோல் மங்கி வழவழப்பாக இருக்கும். பருக்காததை எடுத்து மறுபடியும் கிள்ளு. வண்டு துளைத்து ஓட்டை போட்டது பெரும்பாலும் மிதக்கும், அதை எறிந்துவிடு. புன்னைக்கொட்டைக்கு வேண்டியது ஓட்டை உடைக்கும் பொறுமை. ஓட்டோடு நட்டால் இரண்டு மாதம் காக்க வைக்கும், பருப்புக்குக் காயம் படாமல் ஓட்டை நீக்கி நட்டால் மூன்று வாரத்தில் எழும். மந்தாரைக்கு எந்தச் சடங்கும் வேண்டாம். ஆனால் அதன் காய் வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும், பழுப்பேறத் தொடங்கும்போதே பறித்துவிடு.

முளைத்த பிறகுதான் உண்மையான வேலை. பாத்தியிலிருந்து பைக்கு நாற்றைப் பெயர்க்கும் அந்தச் சில நொடிகளில் ஒரு மரத்தின் ஆயுள் முடிவாகிவிடுகிறது. விரலால் ஆழமில்லாத குழி போட்டு நாற்றைத் திணித்தால் ஆணிவேரின் நுனி மேல்நோக்கி மடங்கிவிடும். மேலே செடி செழிப்பாகவே தெரியும், வாங்குகிறவருக்குக் குறை புலப்படாது. குச்சியால் ஆழமாகத் துளைத்து, நாற்றைச் சற்று அதிகம் இறக்கி, பிறகு மெல்ல மேலே இழுத்து வேரை நேராக்கி மண்ணை அணை. இரண்டு செம்மண், ஒரு மணல், ஒரு மட்கிய தொழு உரம் என்ற வழக்கமான கலவையே போதும். தண்ணீர் தேங்கினால் நாற்றழுகல் வரும், மாலையில் பூவாளியால் நனைப்பதைவிடக் காலையில் நனைப்பது நல்லது. வேர் பையின் அடியைத் தொட்டதும் வட்டமாகச் சுற்றத் தொடங்கும். அப்படிச் சுற்றிய வேர் நிலத்தில் நட்ட பிறகும் தானாக நேராகாது, பருத்துத் தன் கழுத்தையே நெரிக்கும். ஆகவே ஓர் ஆண்டுக்கு மேல் அதே பையில் வைக்காதே. ஆள் உயரச் செடிதான் வேண்டும் என்று கேட்பவருக்குப் பெரிய பைக்கு மாற்றிய செடியைக் கொடு, மாற்றாததைக் கொடுக்காதே.

கழிக்கும் கை உனக்கு வேண்டும். குட்டை, இரட்டைத் தண்டு, நிறம் வெளுத்தது, அடுத்ததெல்லாம் ஒரு முழம் வளர்ந்தபோது ஒரு சாண் நின்றது எல்லாவற்றையும் விலக்கு. உயிருள்ள செடியை எறிய மனம் வராமல் அவற்றை மலிவு விலைக்குத் தள்ளிவிடுவது வழக்கம். மலிவாக வாங்கிய செடியும் யாரோ ஒருவர் வாசலில் முப்பது ஆண்டு நிற்கப் போகிறது. அதே சமயம், மெதுவாக வளர்வதெல்லாம் கழிவு என்றும் எண்ணாதே. ஓரிரண்டு செடி இலை வடிவிலோ கிளைக்கும் விதத்திலோ மாறுபட்டு நின்றால் அவற்றைத் தனியே ஓர் ஓரத்தில் நட்டுப் பூக்கும்வரை காத்திரு.

காத்திருப்புதான் விதைக்கு எதிராகச் சொல்லும் பெரிய குறை. விதைச் செண்பகம் பூக்க எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும், ஒட்டுச் செண்பகம் இரண்டு, மூன்று ஆண்டில் பூத்துவிடும். வீட்டு முற்றத்தில் ஒரே ஒரு செண்பகம் வைத்து அதன் பூவைத் தலையில் சூட ஆசைப்படும் பெரியவருக்கு ஒட்டுச் செடியைத்தான் கொடுக்க வேண்டும். நிறம் மாறாமல் வேண்டும் என்று கேட்பவருக்கும் அப்படியே. போகன்வில்லாவுக்குப் போத்து, அரிதாகவே காய் பிடிக்கும் மரமல்லிக்கு வேர்க்கன்று என்று மரமே சொல்லும் வழி வேறாக இருந்தால் அதற்குக் கட்டுப்படு. விதையும் ஒட்டும் பகையாளிகள் அல்ல என்பதற்கு அடீனியமே சாட்சி. போத்திலிருந்து வரும் அடீனியத்துக்கு அந்தப் பருத்த அடி எளிதில் அமையாது, விதைச் செடிக்குத்தான் அது இயல்பாக வரும். அதனால் விதைச் செடியை அடியாக வைத்து, விரும்பிய நிறத்தை மேலே ஒட்டுகிறார்கள். இரட்டைக் கொம்புபோல இருக்கும் அதன் காயை வெடிக்கும் முன் நூலால் கட்டிவை, இல்லையென்றால் பஞ்சு வால் முளைத்த விதை காற்றோடு போய்விடும்.

நகரத் தோட்டத்துறையினர் ஒரே உயரம், ஒரே குடை வேண்டும் என்பார்கள். கட்டடத்தின் முகப்புக்கு அது அழகுதான். தெரு முழுக்க ஒரே அச்சாக நின்றால் வரும் ஆபத்தை மேலே சொன்னேன். தாய்மரத்தைப் பார்த்து எடுத்து, நாற்றுகளைத் தரம் பிரித்து, ஒத்த உயரமுள்ளவற்றை ஒரு சாலைக்குக் கொடுத்தால் கண்ணுக்கு வேண்டிய ஒழுங்கும் கிடைக்கும், உள்ளே வேறுபாடும் இருக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் விழுந்த குல்மோகர்களும் விதையில் பிறந்தவைதானே என்று யாராவது கேட்டால் ஒப்புக்கொள். விதையில் பிறந்தது என்பதால் மட்டும் மரம் நிற்காது. மடகாஸ்கரிலிருந்து வந்த அந்த மென்மரத்தை, வேர் பரவ இடமின்றிச் சிமெண்டால் கட்டிய நடைபாதையில் நட்டார்கள். இடத்துக்கு ஏற்ற மரம் எது என்பதும் உன் தேர்வில் சேர்த்தி.

இன்னொரு மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, எச்சரிக்கை மட்டும்தான் உண்டு. எளிதாக முளைக்கும் அழகுச் செடி எளிதாகத் தப்பியும் ஓடும். 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காக வந்த உண்ணிச்செடி இன்று நம் மலைக்காடுகளை மூடிக்கிடக்கிறது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சக்கொன்றை முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டை விழுங்க, வனத்துறை அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பூக்கொத்தைப் பார்த்தால் சரக்கொன்றைபோலவே மயக்கும். ஆனால் சரக்கொன்றையின் பூக்கொத்து கீழே தொங்கும், மஞ்சக்கொன்றையின் கொத்து நிமிர்ந்து நிற்கும். சரக்கொன்றையின் காய் உருண்டு, முழம் நீளத்துக்குக் கறுத்துத் தொங்கும். விதை வாங்கும்போது கொன்றை என்ற பெயரை மட்டும் நம்பாதே, காயோடு பார்த்து வாங்கு. காட்டோரம் இருக்கும் ஊர்களுக்கு வெளிநாட்டுப் பூமரம் கொடுப்பதற்குமுன் அது அங்கே தானாக முளைத்துப் பரவுமா என்று விசாரி, தெரியாவிட்டால் கொடுக்காதே.

முதல் ஆண்டுக்கு ஐந்து மரம் போதும். கொன்றை, மந்தாரை, புங்கம், மகிழம், புன்னை. செண்பகத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள். மாசி, பங்குனியில் கொன்றைக்காய் கறுத்து முற்றியிருக்கும், அதில் தொடங்கு. ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு தகடு நடு. தாய்மரம் நிற்கும் இடம், காய் பறித்த தேதி, விதைத்த எண்ணிக்கை, முளைத்தது, கழித்தது என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். அதே விவரத்தை நோட்டிலும் ஏற்று, மழையில் தகட்டு மை கரைந்துபோகும். எந்த மரத்தின் பிள்ளைகளில் கழிவு குறைவு என்பது இரண்டு, மூன்று ஆண்டில் அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். அதன்பிறகு அந்த மரங்களிலிருந்து கூடுதலாகப் பறி.

அன்புடன்,
உன் அண்ணன்