ஊசிக்கு முன் ஒரு விளக்கம்

சம்பூரிலும் மூதூர் கிழக்கிலும் 2006 ஆம் ஆண்டு ஊரைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, கிளிவெட்டி போன்ற இடைத்தங்கல் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. சம்பூர்க் காணிகள் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டன. 2017 இல் தரம் 6 மாணவிகளுக்கான எச்.பி.வி. தடுப்பூசி நாடெங்கும் தொடங்கியது. இடம்பெயர்ந்த ஆண்டிற் பிறந்த பிள்ளைகளே அதற்கு முதலில் அழைக்கப்பட்டவர்கள். இன்று அவர்கள் தாதியர் பயிற்சிக்குச் செல்லும் வயதினர்.

மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்படும் தாய், தாதியிடம் கேட்பாள். ஆகவே தாதியாகப் பயிலும் பிள்ளைக்கு இதைப் பற்றிய தெளிவு வேண்டும். பல நாடுகளில் தாதிய மாணவரிடையே நடந்த ஆய்வுகள் ஒரே குறையைக் காட்டியுள்ளன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கேள்விப்பட்டவர் பலர். அதன் காரணத்தையும் ஊசி போடும் வயதையும் சரியாகச் சொல்பவர் குறைவு.

அறியவேண்டியவை

1. இந்நோய்க்கு எச்.பி.வி. என்னும் வைரசே காரணம். பாலுறவினால் அது தொற்றுகிறது. பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றித் தானாகவே மறைந்துவிடும். எனவே நோயுற்ற பெண்ணின் நடத்தையைச் சந்தேகிப்பது தவறு.

2. மறையாமல் தங்கும் தொற்று புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும்.

3. விதைநெல்லை விதைப்புக்கு முன்பே நேர்த்தி செய்கிறோம். ஊசியும் அவ்வாறே, தொற்று வருமுன் போடப்படவேண்டும். தொற்றிய பின் அது குணமாக்காது.

4. ஊசியில் உயிருள்ள வைரசு இல்லை. அது மலட்டுத்தன்மையை உண்டாக்காது. கை நோவும் சிறு காய்ச்சலும் வரலாம். சிலருக்கு மயக்கம் வருவதால் ஊசிக்குப் பின் 15 நிமிடம் இருத்தி வைப்பது நல்லது.

அறிவு மட்டும் போதாது. விளக்கிச் சொல்லும் பொறுமையும் வேண்டும். இந்தியாவில் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 2009 இல் இவ்வூசி பரீட்சார்த்தமாகப் போடப்பட்டது. விடுதிகளில் தங்கிய பழங்குடி மாணவிகள் பலருக்குப் பெற்றோரின்றி விடுதிக் காப்பாளரே கையெழுத்திட்டனர். சில மாணவிகள் இறந்ததும் அச்சம் பரவி, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கு ஊசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆயினும் கேட்காமல் செய்த காரியத்தில் மக்களுக்கு நம்பிக்கை வரவில்லை. முகாம் வாழ்க்கையில் நம்மைக் கேட்காமலே பலவும் முடிவு செய்யப்பட்டதால், இதன் வேதனை நமக்கு விளங்கும்.

நாம் செய்யக்கூடியவை

இங்கு ஊசி தொடங்கியபோது ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை கொடுக்கப்பட்டது. இடையில் பாடசாலை மாறினாலோ, பிள்ளை பாடசாலை செல்லாதிருந்தாலோ, குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லுங்கள். பதிவு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

முகாமில் வளர்ந்த மூத்த சகோதரிகளுக்கு இவ்வாய்ப்புக் கிட்டவில்லை. அவர்களுக்கும் தாய்மாருக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் இலவசப் பரிசோதனை உண்டு. 35 வயதிலும் 45 வயதிலும் தவறாமற் செல்லவேண்டும். ஊசி பெற்றவர்களும் அவ்வயதில் செல்வது அவசியம். வயல் வேலை நாளை இருக்கும், நோய் காத்திராது.

கலந்துரையாட

உங்கள் மாதர் சங்கத்தில் 35 வயதைக் கடந்தவர்களில் எத்தனைபேர் பரிசோதனைக்குச் சென்றுள்ளனர்? செல்லாதவர்களைத் தடுப்பது வெட்கமா, தூரமா, பஸ் காசா? உங்கள் ஊரில் தாதியாகப் பயிலும் பிள்ளை விடுமுறையில் வரும்போது, ஒரு கூட்டத்திற்கு அழைத்து விளக்கம் கேட்கலாமா?