நண்பரிடம் கற்ற பாட்டு

புலாவ் செபாங், தம்பின் போன்ற ஊர்களில் பசியாறவும் நாலு பேரிடம் பேசிக்கொண்டிருக்கவும்தான் மக்கள் காப்பிக்கடைக்குப் போகிறார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், கிரீனிச் வில்லேஜ் என்னும் பகுதியில் இருந்த காப்பிக்கடைகளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவை இளம் பாடகர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தன. மெக்டூகல் தெருவிலிருந்த சில கடைகளில், கித்தாரோடு வரும் புதியவர்கூட மேடையேறி ஒன்றிரண்டு பாடல்கள் பாடலாம். இன்று ‘திறந்த ஒலிவாங்கி’ என்று இளைஞர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு இவை முன்னோடி எனலாம். பாடகருக்குச் சம்பளம் கிடையாது. பாடி முடித்ததும் ஒரு கூடை மேசைக்கு மேசை சுற்றிவரும். அதில் விழும் சில்லறைதான் வருமானம். கேஸ்லைட் என்ற கடை ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. கைதட்டல் ஓசை மேலே குடியிருந்தவர்களுக்குத் தொல்லையாக இருந்ததால், அங்கே ரசிகர்கள் விரலைச் சொடுக்கிப் பாராட்டினார்களாம்!

1961 ஜனவரியில், கடுங்குளிரில், 19 வயது இளைஞர் ஒருவர் இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தார். இரும்புச் சுரங்கங்கள் சூழ்ந்த ஹிப்பிங் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். பெயர் பாப் டிலன். கஃபே வா என்ற கடையில் பகல்நேர நிகழ்ச்சியை நடத்திவந்த பிரெட் நீல் என்ற பாடகர், தாம் பாடும்போது பக்கத்தில் நின்று மவுத் ஆர்கன் வாசிக்க அவரைச் சேர்த்துக்கொண்டார். அங்கே வயிறும் ஓரளவு நிறைந்தது. போக் சிட்டி என்ற உணவகத்தில் திங்கள்கிழமை இரவுகளில் புதியவர்கள் பாடுவது வழக்கம். அதன் உரிமையாளர் மைக் போர்கோ, இத்தாலியிலிருந்து குடியேறியவர். டிலனுக்கு முறையான வாய்ப்பளிக்க அவர் விரும்பினார். ஆனால், இசைக்கலைஞர் சங்கத்தில் சேர டிலனுக்கு வயது போதவில்லை. போர்கோ தாமே காப்பாளராகக் கையெழுத்திட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 11ஆம் நாள் டிலன் அங்கே மேடையேறினார்.

அந்த வட்டத்தில் எல்லாருக்கும் அண்ணன் போல இருந்தவர் டேவ் வேன் ரோங்க். டிலனைவிட ஐந்து வயது மூத்தவர். உருவமும் பெரிது, குரலும் பெரிது. ‘மெக்டூகல் தெருவின் மேயர்’ என்பது அவருக்கு வாய்த்த பட்டப்பெயர். தங்க இடமில்லாத டிலனுக்கு அவர் வீட்டு சோபாதான் பல இரவுகளில் படுக்கை. வேன் ரோங்கின் விரல்கள் கித்தார் நரம்புகளில் நகர்வதை டிலன் கூர்ந்து பார்த்தார்; பாடல்களைக் கேட்டார்; கேட்டதைத் தம் குரலில் பாடிப் பார்த்தார். பாடத்திட்டம் எதுவும் இல்லாமலேயே அந்தத் தெருவில் எல்லாரும் எல்லாரிடமும் கற்றார்கள்.

அந்த நட்புக்கு ஒரு சோதனை வந்தது. ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ என்பது ஒரு பழைய நாட்டுப்புறப் பாடல். வேன் ரோங்க் அதன் மெட்டுக்கு அடியில், படிப்படியாகக் கீழிறங்கும் சுரங்களைக் கித்தாரில் அமைத்துப் புது மெருகேற்றியிருந்தார். தம் இசைத்தட்டில் அதைச் சேர்க்கவும் எண்ணியிருந்தார். ஒருநாள் டிலன், அந்த அமைப்பிலேயே பாடலைப் பதிவுசெய்ய அனுமதி கேட்டார். அது தமக்கே வேண்டும் என்றார் வேன் ரோங்க். அப்போதுதான் உண்மை வெளிவந்தது: டிலன் ஏற்கெனவே பதிவுசெய்து முடித்திருந்தார்! வேன் ரோங்க் கொதித்துப்போனார். 1962 மார்ச்சில் வெளியான டிலனின் முதல் இசைத்தட்டில் அந்தப் பாடல் இருந்தது.

இதில் யார் பக்கம் நியாயம்? பாடல் இருவருக்கும் சொந்தமானதன்று. 1937இல் கென்டக்கி மாநிலத்தில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் 16 வயது மகள் ஜார்ஜியா டர்னர் பாடியதை ஆலன் லோமாக்ஸ் என்ற ஆய்வாளர் ஒலிப்பதிவு செய்தார். அவருக்கும் அது யாரோ பாடக் கேட்டு வந்ததுதான். நம் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் பாடிய பாட்டுகளுக்கும் இன்னார்தான் உரிமையாளர் என்று சொல்ல முடியாதல்லவா? ஆயினும், அந்தக் கீழிறங்கும் சுரங்கள் வேன் ரோங்க் தேடிக் கண்டவை. டிலன் அவற்றைக் கற்றது தவறன்று. முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பதிவுசெய்திருந்தால் சண்டையே வந்திருக்காது.

அதன் பிறகு நடந்தது வேடிக்கை. வேன் ரோங்க் அந்தப் பாடலைப் பாடியபோதெல்லாம், டிலனைப் பார்த்துப் பாடுகிறார் என்று பலர் எண்ணினர். மனம் வெறுத்து அவர் பாடுவதை நிறுத்திக்கொண்டார். 1964இல் இங்கிலாந்தின் தி அனிமல்ஸ் குழு அதே பாடலைப் பாடி உலகப்புகழ் பெற்றது. இப்போது டிலன் பாடினால், அந்தக் குழுவைப் பார்த்துப் பாடுகிறார் என்றார்கள். அவரும் நிறுத்த வேண்டியதாயிற்று. இதைப் பிற்காலத்தில் வேன் ரோங்க் சிரித்துக்கொண்டே சொன்னார்.

1974 மே மாதத்தில், சிலி நாட்டு மக்களுக்காக நியூயார்க்கில் நடந்த நிதிதிரட்டு நிகழ்ச்சியில் இருவரும் ஒரே மேடையில் பாடினர். வேன் ரோங்க் 2002இல் காலமானார். 2004இல் கிரீனிச் வில்லேஜில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பு நூலில், நியூயார்க்குக்கு வரும் முன்பே வேன் ரோங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டு வியந்ததை டிலன் எழுதியுள்ளார்.