தேய்ந்து உதிரும் தூள்



செயற்கை இடுப்பு மூட்டில் உலோகப் பந்து ஒன்று பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. உடைந்தால்தான் மூட்டு கெடும் என நாம் எண்ணுகிறோம். ஆனால் உராய்வில் உதிரும் நுண்ணிய தூளும் அதைக் கெடுத்துவிடும்.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் டாக்டர் ஜான் சார்ன்லி 1958 முதல் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். நோயாளிகள் வலியின்றி நடந்தார்கள். ஆனால் சுமார் 300 பேருக்குப் பொருத்திய பின், கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்வது தெரியவந்தது. அத்தூளைத் தம் தொடையிலேயே ஊசியால் செலுத்தி, அதன் தீங்கை அவர் அறிந்தார். அவருடைய உதவியாளர் ஹாரி க்ரேவன், நெசவாலைப் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பாலிஎத்திலீனைச் சோதித்தார். அது மிகக் குறைவாகவே தேய்ந்தது. 1962 நவம்பர் முதல் கிண்ணங்கள் அதிலேயே செய்யப்பட்டன.

எனினும் பாலிஎத்திலீனும் தேயவே செய்கிறது. அதன் தூளை உடலின் காவல் செல்கள் விழுங்குகின்றன. செரிக்க இயலாத அச்செல்கள் சுரக்கும் பொருள்களால் அருகிலுள்ள எலும்பு கரைகிறது; பிடிமானம் தளர்ந்து மூட்டு ஆடுகிறது. 1990களின் இறுதியில் வந்த, கதிர்வீச்சால் உறுதியாக்கப்பட்ட பாலிஎத்திலீன் இத்தேய்மானத்தை வெகுவாகக் குறைத்திருக்கிறது.

எலும்பு கரையும்போது தொடக்கத்தில் பெரும்பாலும் வலி தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஆகவே மூட்டு மாற்றிக்கொண்ட நம் பெரியவர்கள் "நன்றாகத்தானே நடக்கிறேன்" என்றாலும், மருத்துவர் குறித்த நாளில் அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். காலத்தோடு கண்டுகொண்டால், சிலருக்குக் கிண்ணத்தின் உட்பகுதியை மட்டும் மாற்றினால் போதும். தாமதித்தால் இழந்த எலும்பையும் ஈடுகட்ட வேண்டிவரும்.