புயல் வராத இரவுகள்

அன்புள்ள தங்கைக்கு,

டுலூத்துக்கு வடக்கே, காட்டுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஏரியில் நீ எடுத்த அரோரா (துருவ ஒளி) படத்தைப் பார்த்தேன். ‘நேரில் திரைச்சீலை ஆடுவதுபோல இருந்ததே, படத்தில் ஏன் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் ஆகிவிட்டது?’ என்று கேட்டிருந்தாய்.

ஷட்டரை 20 விநாடி திறந்து வைத்திருக்கிறாய். அதற்குள் அந்தத் திரை எத்தனை முறை மடிந்து விரிந்ததோ, அத்தனை மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டன. சாதாரண இரவில் அரோரா சோம்பலாக அசையும். பத்து விநாடி தாங்கும். காந்தப் புயல் வலுத்தால் வெளிச்சமும் கூடும், வேகமும் கூடும். ஐஎஸ்ஓ 3200, லென்ஸ் எஃப் 2.8, ஷட்டர் இரண்டு மூன்று விநாடி. இங்கிருந்து தொடங்கு. தண்ணீரில் விழும் பிம்பம் எப்போதும் வானத்தைவிட மங்கல்தான்.

என் கதையையும் கேள். 2024 மே 10. 2003 அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் உச்சவகை (ஜி5) காந்தப் புயல். சுப்பீரியர் ஏரியின் மினசோட்டாக் கரையில் நின்றேன். அந்தக் கரை தென்கிழக்கே பார்த்தது; மற்ற நாளில் அரோரா முதுகுக்குப் பின்னால், காட்டுக்கு மேலேதான் தெரியும். வடக்கே தண்ணீர் வேண்டுமென்றால் எதிர்க்கரைக்கு, மிச்சிகனின் கீவீனாப் பக்கம் போக வேண்டும். அன்றோ ஒளி தலையைத் தாண்டித் தெற்கே இறங்கி ஏரியின் மேலேயே நின்றது. வடக்கையே பார்த்துக்கொண்டிருந்தவன் தற்செயலாகத்தான் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து பெரிய திரையில் திறந்தால், படங்களின் நட்டநடுவே வெட்டிய மரத்தின் ஆண்டு வளையம்போல வட்டம் வட்டமாகக் கோடுகள். லென்ஸுக்குக் காவலாக மாட்டியிருந்த ஃபில்டரைக் கழற்ற மறந்திருந்தேன். அரோராவின் பச்சை, ஆக்சிஜனிலிருந்து வரும் கிட்டத்தட்ட ஒரே அலைநீள ஒளி: 557.7 நானோமீட்டர். தட்டையான கண்ணாடியில் அது முன்னும் பின்னும் தெறித்து, தன்னோடு தானே மோதி வளையம் போடும். எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாகத் துடைக்க முடியவில்லை. காரிலிருந்து இறங்குமுன் ஃபில்டரைக் கழற்றிவிடு.

சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது 200 கிலோமீட்டருக்கு மேலே, காற்று மிக மெலிந்த இடத்தில் பிறப்பது. அவ்வளவு உயரம் என்பதால் வெகுதூரத்துக்கும் தெரியும்; அதனால்தான் அதே புயலில் லடாக்கின் ஹான்லே வான்நோக்ககக் கேமராவில்கூட அடிவானத்தை ஒட்டிச் சிவப்பு பதிந்தது. இருட்டில் நம் கண்ணுக்கு அது பெரும்பாலும் சாம்பலாகத்தான் தெரியும். கேமராவுக்கு நிறமாகவே தெரியும். அந்த வித்தியாசத்தோடு நிறுத்திக்கொள். கணினியில் உட்கார்ந்து மேலும் குங்குமம் அப்பாதே.

புயல் எப்போது வரும் என்று கேட்டிருந்தாய். சூரியன் வீசிய துகள் மேகம் வந்துகொண்டிருக்கிறது என்பது ஓரிரு நாள் முன்பே தெரியும். ஆனால் அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பியிருந்தால்தான் நமக்கு விருந்து. அதைச் சொல்லக்கூடியது 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் செயற்கைக்கோள். அங்கிருந்து செய்தி கிடைத்தபின் நம் கையில் இருப்பது அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. அந்த நேரத்தில் ஏரி தேட முடியாது. தெரிந்த ஏரிக்கு ஓட மட்டுமே முடியும்.

ஆகவே வரும் அமாவாசைக்கு உன் சின்ன ஏரிக்குப் போ. அரோரா வராவிட்டாலும் பரவாயில்லை. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைக் கேமராத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் வைத்து, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டப் பழகு. கையுறையோடு செய்து பார். எந்தப் பாறை வழுக்குகிறது, எத்தனை மணிக்குக் காற்று அடங்கித் தண்ணீர் கண்ணாடியாகிறது, எந்த வீட்டு விளக்கு படத்துக்குள் நுழைகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

படம் வேண்டாம். குறிப்பு போதும்.

அன்புடன்,
அண்ணன்