யாரை எங்கே அமர்த்துவது?

பரீட்சை முடிவுகள் வெளிவரும் நாளிலே எத்தனை வீடுகளில் கண்ணீர்! கணக்கிலே திறமைச் சித்தி பெற்ற பிள்ளை வேறு இரண்டு பாடங்களில் தவறிவிட்டால், "உதவாத பிள்ளை" என்று பெயர் வாங்கிவிடுகிறது. அப்படித் தீர்ப்புக் கூறுமுன், பெற்றோராகிய நீங்கள் ஒரு வரலாற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

கணிதமேதை சீனிவாச இராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கல்லூரியிலே கணிதம் ஒன்றிலேயே மூழ்கிக் கிடந்ததால் மற்றப் பாடங்களில் தவறி, கிடைத்த உபகாரச் சம்பளத்தையும் இழந்தார். எஃப்.ஏ. பரீட்சையில் அவர் சித்தியெய்தவே இல்லை. பட்டமும் இல்லை, உத்தியோகமும் இல்லை. அப்படிப்பட்டவர் மேதையானார் என்பது எல்லாரும் அறிந்த கதை. அவரை இனங்கண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதே நமக்கு வேண்டிய பாடம்.

1910ஆம் ஆண்டு, திருக்கோவிலூரில் டெப்டி கலெக்டராக இருந்த இராமசாமி ஐயரிடம் இராமானுஜன் ஒரு சிறு எழுத்து வேலை கேட்டுச் சென்றார். கையில் இருந்ததெல்லாம் தமது கணிதக் குறிப்புப் புத்தகமே. இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவரான ஐயர் அதைப் புரட்டிப் பார்த்தார். வருவாய்ப் பகுதியின் கடைசிப் படியில் அமர்த்தி இந்த ஆற்றலை அழிக்க அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. சென்னையிலுள்ள கணித அறிஞர்களிடம் அவரை அனுப்பிவைத்தார். பொருந்தாத வேலையைக் கொடுக்க மறுத்து, பொருந்தும் வழியையும் காட்டுபவர் சிலரே.

நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபா கொடுத்து உதவினார். பிறர் தயவில் வாழ விரும்பாத இராமானுஜன், 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். அங்கே அவருக்கு மேலிருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர். தமக்குக் கீழே வேலை செய்பவர் தம்மிலும் வல்லவர் என்பதை உணர்ந்தும் பொறாமை கொள்ளவில்லை. தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார்.

1913 ஜனவரி 16ஆம் திகதி இராமானுஜன் கேம்பிறிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். முன்பின் அறியாத ஒரு எழுதுவினைஞரின் கடிதம்! ஹார்டி அதை ஒதுக்கிவிடவில்லை. நண்பர் லிற்றில்வூட்டுடன் அமர்ந்து ஆராய்ந்து உண்மை கண்டார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவி வழங்கியது. 1914இல் அவர் இங்கிலாந்து சென்றார். 1918இல் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார்.

இதிலிருந்து நாம் கற்பவை மூன்று. முதலாவது, சான்றிதழை மட்டும் பாராது செய்த வேலையைப் பாருங்கள். இரண்டாவது, உங்களால் அளக்க முடியாத திறமையை, அளக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மூன்றாவது, குறையைத் திருத்தும்போது ஊக்கத்தை உடைத்துவிடாதீர்கள். முறையான நிறுவல்களை இராமானுஜனுக்குக் கற்பித்த ஹார்டி, அவருடைய தன்னம்பிக்கை குலையாதபடி மிகுந்த கவனத்துடனேயே கற்பித்தார்.

இன்னுமொன்றையும் மறக்கலாகாது. அந்நிய நாட்டுக் குளிர், யுத்தகால உணவுத் தட்டுப்பாடு, தனிமை இவற்றிடையே இராமானுஜன் நோயுற்றார். 1919இல் தாயகம் திரும்பி, 1920இல் தமது 32ஆவது வயதிலே மறைந்தார். திறமைக்கு ஏற்ற இடம் கிடைத்தால் மட்டும் போதாது. அந்த இடத்திலே உடலையும் மனத்தையும் பேண ஆளும் வேண்டும்.

திருக்குறளின் 52ஆம் அதிகாரமான தெரிந்து வினையாடல், தக்கவரை ஆராய்ந்து தேர்ந்து, வேலையை அவரிடமே விட்டுவிடும்படி கூறுகின்றது. அரசருக்குச் சொன்ன அறிவுரை வீட்டுக்கும் பொருந்தும். உடைந்த வானொலியைத் திருத்தும் மகனும், கணக்கை வாய்க்குள்ளேயே முடிக்கும் மகளும் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அடுத்த வீட்டுப் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்பதை விட்டு, உங்கள் பிள்ளை எதைச் செய்யும்போது பசியை மறக்கிறது என்று இன்றே கவனியுங்கள்.